தட்டினால் விட வேண்டும்

இதுவரை மூன்று முறை தற்காப்புக் கலை கற்றிருக்கிறேன். மூன்று முறையும் ஒரே நாளில் கற்று முடித்துவிட்டேன். கல்லூரியில் ஒன்று, முதல் வேலையில் ஒன்று, இப்போதைய வேலையில் ஒன்று. எல்லாமே மார்ச் 8ஐ ஒட்டி நடந்தவை. ரோஜாப்பூ கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், கடைசியாக நடந்ததில் மட்டும் கூடுதலாக ஒரு பெப்பர் ஸ்ப்ரே. கறுப்பு டீ-ஷர்ட் போட்ட ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்ல, பக்கத்து சீட் தோழி நம் மணிக்கட்டைப் பிடிப்பாள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடம்தான் பிடியின் பலவீனம், அந்தப் பக்கம் திருப்பி வெடுக்கென்று இழுத்தால் கை வந்துவிடும் என்றார். வந்தது. எல்லோருக்கும் வந்தது. கைதட்டினோம், குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அன்று ராத்திரி தம்பியிடம் "டேய், என் கையப் பிடி" என்றேன். காலேஜ் இரண்டாம் வருஷம், ஒல்லி, ஜிம் பக்கமே போகாதவன். ஒரு கையில் சிப்ஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பிடித்தான். திருப்பினேன், இழுத்தேன். வரவில்லை. அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தான். "விட்றா" என்றேன். சிரித்தான். "விட்றா, வலிக்குது" என்றேன். "சர்டிபிகேட் வாங்கினல்ல, வா வெளிய" என்றான். அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் விட்டான். மணிக்கட்டில் நான்கு விரல் தடம் சிவப்பாக இருந்தது.

என் தம்பி கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் பாதி ராத்திரியில் மெடிக்கல் ஷாப் தேடி ஓடுகிறவன். ஒருத்தி 'விடு' என்றால் அந்த நொடியே விட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, அவ்வளவுதான். கையை இழுத்துக்கொள்ள எனக்குச் சொல்லித்தர மூன்று முறை ஆள் வந்தார்கள். கையை விட அவனுக்குச் சொல்லித்தர ஒரு முறைகூட யாரும் வரவில்லை.

அந்தப் பாடம் நடக்கிற ஒரு இடம் இருக்கிறது. ஆதம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி. மாதம் 600 ரூபாய். 'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

*

தம்பியிடம் தோற்ற வாரத்தில் நகரத்தில் பிரேசிலியன் ஜியு ஜிட்சு எங்கே சொல்லித்தருகிறார்கள் என்று தேடினேன். முதலில் போன இடத்தில் ஏசி இருந்தது, சுவர் முழுக்கக் கண்ணாடி இருந்தது, காபி மெஷின்கூட இருந்தது. மாதம் 5,000 ரூபாய், மூன்று மாதம் சேர்த்துக் கட்ட வேண்டும், 'கி' என்கிற அந்த வெள்ளை உடுப்புக்குத் தனிக் காசு. என் சம்பளம் 28,000. வீட்டுக்குக் கொடுத்தது போக என்னிடம் நிற்பது எவ்வளவு என்று உங்களில் பலருக்குக் கணக்குப் போடாமலே தெரியும். வரவேற்பில் இருந்த பெண் நன்றாகத்தான் பேசினாள். "யோசிச்சு சொல்றேன்" என்று வந்துவிட்டேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நாம் எத்தனை இடங்களிலிருந்து திரும்பி வந்திருக்கிறோம்!

அலுவலகத்தில் ஒருவர்தான் சொன்னார்: "ஆதம்பாக்கத்துல பசங்க கொஞ்ச பேர் சேந்து பண்றாங்க. போர்டுலாம் இருக்காது. போய்ப் பாருங்க." மேடவாக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இஸ்திரி வண்டியைத் தாண்டி, மாவு மில்லுக்கு மேலே இரண்டு மாடி. தகரக் கூரை. கீழே எங்கிருந்தோ பழசாக வாங்கிய ஃபோம் மேட்கள், ஒன்றோடொன்று பல் கோத்தது போல் மாட்டியிருந்தன. ஒரு ஸ்டாண்ட் ஃபேன். ஏர்போர்ட்டுக்கு இறங்குகிற விமானம் தாழ்ந்து போனால் சொல்லித்தருபவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவரை எல்லோரும் அண்ணா என்றே கூப்பிட்டார்கள். பர்ப்பிள் பெல்ட். பகலில் வேறு வேலை பார்க்கிறவர். "மாசம் அறுநூறும்மா. மேட்டு, கரண்டு, வாடகை, அவ்ளோதான். முடியலன்னா முடிஞ்சத குடு. ஆனா நகம் வெட்டிட்டு வா" என்றார்.

வந்திருந்தவர்களில் ஒருவர் சாப்பாடு டெலிவரி செய்கிறவர், பையைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வருவார். ஒரு நர்ஸ் அக்கா, நைட் ட்யூட்டிக்கு முன்னால் வருவார். இரண்டு சட்டக் கல்லூரி மாணவர்கள், ஒரு ஏசி மெக்கானிக், பிளஸ் டூ முடித்த ஒரு பெண்.

முதல் நாள் அந்த நர்ஸ் அக்கா என் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தார். 'மவுண்ட்' என்கிறார்கள். அதற்கு முன்னால் என் மேல் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. மூச்சு அடைத்தது, கண் இருண்டது, கையைக் காலை உதறினேன். கற்ற மூன்று தற்காப்பும் மூளையில் ஒரு மூலையில்கூட இல்லை. அக்கா குனிந்து காதருகே சொன்னார்: "பயமா இருந்தா ரெண்டு தட்டு தட்டு. எங்க வேணா தட்டு."

அவர் தோளில் இரண்டு தட்டு தட்டினேன். அவர் எழுந்துவிட்டார். நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. "இதுக்கே வா" என்று யாரும் கேட்கவில்லை. தட்டினேன், எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்தார். அன்றைக்குப் பதினோரு முறை தட்டினேன். பதினோரு முறையும் எழுந்தார்.

என் 27 வருஷத்தில், நான் 'போதும்' என்றதும் போதுமாகிவிட்ட முதல் இடம் அதுதான். வீட்டில் இல்லை, பஸ்ஸில் இல்லை, ஆபீசில் இல்லை, காதலித்த காலத்திலும் முழுசாக இல்லை.

*

இந்தத் தட்டு ஒரு நல்ல பழக்கம் மட்டும் இல்லை, இந்தக் கலை மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது. 1882இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கியபோது அவருக்கு இருந்ததும் ஒரு புத்தர் கோயிலுக்குள் 12 பாய் விரிக்கிற அளவு இடம்தான். பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளில் கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது மாதிரியான பயங்கரமான உத்திகள் நிறைய. ஆனால் அவற்றை நிஜமாகச் செய்து பழக முடியாது. செய்தால் மறுநாள் பழக ஆள் இருக்காது. அதனால் ஒத்திகை மட்டும் பார்ப்பார்கள். கானோ ஆபத்தானவற்றைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கி, மீதியை முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆளிடம் பழக வைத்தார். 'ராண்டோரி' என்பது அதுதான். அவருடைய பள்ளியிலிருந்து வந்த மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் போனார். அவரிடம் கற்றவர்கள் வழியாகத் தரையில் கிடந்து போராடுகிற இன்றைய வடிவம் அங்கே வளர்ந்தது.

கழுத்தின் இரண்டு பக்கமும் ரத்தக்குழாயை அழுத்தினால் பத்து நொடிக்குள் ஆள் மயங்கிவிடுவார். அவ்வளவு அபாயமான ஒன்றை வாரத்துக்கு நான்கு நாள், ஒருவர் மேல் ஒருவர், எப்படிப் பழக முடிகிறது? தட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான். விடாத ஆளோடு யாரும் பழக மாட்டார்கள். ஆள் இல்லாமல் அவர் எதையும் கற்க முடியாது.

ஒருநாள் தற்காப்பு முகாம்களை நான் எதிர்ப்பது இதனால்தான். அங்கே எதிர்க்கிற உடம்பு கிடையாது. தோழி நம் மேல் உள்ள அன்பில் கையை விட்டுவிடுகிறாள், நாம் அதைத் திறமை என்று நினைத்து வீட்டுக்கு வருகிறோம். மாடியில் ஒரு வருஷம் பழகியும், எண்பது கிலோ ஆள் மேலே ஏறினால் பாதி நேரம் என்னால் வெளியே வர முடியாது. அது எனக்குத் தெரியும். சான்றிதழ் வாங்கிய அன்று தெரியாது. தெருவில் ஓட வழி இருந்தால் ஓடுவதுதான் முதல் பாடம் என்று அண்ணா சொன்னார், மைக்கில் பேசியவர் சொல்லவில்லை.

பெண்ணியம் பேசுகிற தோழிகள் கேட்பார்கள்: "பொண்ணுங்க ஏன் கத்துக்கணும்? ஆம்பளைங்களுக்குச் சொல்லிக்குடுங்க." சரியான கேள்வி. ஆனால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? போஸ்டர் ஒட்டியா, ரீல்ஸ் போட்டா? என் தம்பி அத்தனை போஸ்டரையும் படித்தவன்தான். கொஞ்ச நாள் கழித்து அவனை மாடிக்குக் கூட்டிப்போனேன். முதல் வாரம் அந்தப் பிளஸ் டூ பெண் அவன் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தாள். கௌரவத்துக்காகத் தட்டாமல் இருந்தான். முகம் சிவந்த பிறகு தட்டினான். உடனே விட்டாள். "சீக்கிரம் தட்டுங்கண்ணா, வெக்கப்படாதீங்க" என்றாள். இரண்டாவது மாதம் நான் தட்டியதும் அவன் கை தானாகத் திறந்தது. யோசித்து விடவில்லை, கை பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தைத் தருகிற வேறு ஒரு இடத்தைக் காட்டுங்கள், அங்கேயும் சேர்கிறேன்.

*

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது கேட்டாள்: "ஆம்பளைங்களோட கட்டிப் பொரள்றதுக்குக் காசு வேற குடுக்குறியா?"

அம்மாவிடம் கோபம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் தொடுதல் இரண்டே வகை. கல்யாணமான பிறகு வருவது ஒன்று, கெட்ட பெயர் வாங்கித்தருவது ஒன்று. நடுவில் மூன்றாவதாக ஒன்று தினமும் நடந்துகொண்டிருந்தது. பஸ் கூட்டத்தில் பின்னால் வந்து ஒட்டி நின்றவர்கள், இடிப்பது போல இடிக்காமல் இடித்தவர்கள். அது பற்றி வீட்டில் பேசியதே இல்லை. என் சம்மதமில்லாமல் நடந்த தொடுதல் எல்லாம் 'கூட்டம்' என்ற பெயரில் மன்னிக்கப்பட்டது. நானாகப் போய், கைகொடுத்து, தட்டினால் விடும் விதிக்குள் தொட்டால் அது மட்டும் அசிங்கமா?

இது புதுச் சிக்கலும் இல்லை. புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்று ஒரு சோழன் வருகிறான், மற்போர்க்காரன். அவன் ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார்: ஒரு கால் எதிராளியின் மார்பில், இன்னொன்று பின்னால். மாடியில் நாங்கள் தினமும் பழகுகிற நிலைக்கு அது மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சோழன் மேல் ஆசைப்பட்டு நக்கண்ணையார் என்ற பெண் பாடியது 83ஆம் பாட்டு. ஒரு பக்கம் தாய்க்குப் பயம், இன்னொரு பக்கம் அவன் தோளைத் தழுவ ஊரவைக்கு முன்னால் வெட்கம். அம்மா ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். இன்றைக்கு வாட்ஸப் குரூப் சேர்ந்திருக்கிறது, மற்றபடி அதே இரண்டு பேர்தான்.

இதைச் சொன்னதும் "பாத்தியா, எல்லாம் நம்மகிட்டேர்ந்து போனதுதான்" என்று கிளம்பிவிடாதீர்கள். 2011இல் 'ஏழாம் அறிவு' பார்த்ததிலிருந்து நம் ஊரில் அது ஒரு வியாதி. சோழன் மல்லன் என்பதால் நான் மாடி ஏறவில்லை. யாருடைய வியர்வை யார் மேல் படலாம் என்பதற்கு எழுதாத சட்டம் வைத்திருக்கிற ஊர் இது. டெலிவரிக்காரருக்கு லிஃப்ட் கிடையாது, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தனி டம்ளர். அதே ஊரில் எட்டுப் பேர் ஒருவர் வியர்வை ஒருவர் மேல் சொட்டச் சொட்டக் கிடக்கிறார்கள், யாரும் யாருடைய ஊரையும் தெருவையும் விசாரிக்கவில்லை. சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. மாடியிலிருந்து இறங்கினால் அவரவர் தெருதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் நிஜம்.

*

இப்போது காசு விஷயம். மலிவாகச் சொல்லித்தருகிற இடம் மட்டமான இடம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 5,000 ரூபாய் இடத்தில் இருப்பதுதான் அசல், மாடியில் நடப்பது ஏழைகளுக்கான நகல் என்று. இந்தக் கலையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ரியோவில் கிரேசி குடும்பத்தின் பயிற்சிக்கூடம் வசதியானவர்கள் வருகிற இடமாக இருந்த காலத்தில், பென்டோ ரிபேரோ என்ற புறநகரில் ஒஸ்வால்டோ ஃபாடா என்பவர் காசில்லாதவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மயேடாவிடம் கற்ற லூயிஸ் ஃபிரான்சாவின் மாணவர் அவர். கடற்கரையில், பூங்காவில், கிடைத்த இடத்தில். 1950களில் அவருடைய மாணவர்கள் கிரேசி கூடத்துக்குச் சவால் விட்டு வென்றார்கள். பெரும்பாலும் காலைப் பூட்டுகிற பிடிகளால். தோற்ற பிறகாவது அந்தப் பிடிகளைக் கற்றுக்கொண்டார்களா? புறநகர்க்காரன் வித்தை என்று இளக்காரம்தான் நடந்தது. காலைப் பிடிக்கிறவனைக் கேலி செய்ய பிரேசிலில் ஒரு சொல் உண்டு: 'சப்பத்தேரோ'. செருப்புத் தைப்பவன் என்று அர்த்தம். இன்று உலகத்தின் பெரிய கிராப்ளிங் போட்டிகளில் காலைப் பூட்டத் தெரியாமல் மேலே வர முடியாது.

புறநானூற்று 82ஆம் பாட்டிலும் அதே தொழிலாளி வருகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை, பொழுது வேறு சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டில் பின்னுகிறவர் கையில் ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ, அவ்வளவு வேகம் அந்தச் சோழனின் மற்போர். பாட்டு அந்த மனிதரை இழிசொல்லால்தான் குறிக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இளவரசனின் திறமையை அளக்கப் புலவருக்குக் கிடைத்த அளவுகோல் அந்தக் கைதான். ரியோவிலும் சரி, உறையூரிலும் சரி, வேகம் அவர்களிடம் இருந்தது, பெயர் வேறு யாருக்கோ போனது.

'உடலரசியல்' பற்றி நாம் எழுதாத கட்டுரை இல்லை. நானும் எழுதியிருக்கிறேன், அப்போது பத்துப் படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். உடம்பைப் பற்றிப் படிக்கிற நமக்கு, உடம்பைப் பழக்குவது பணக்காரர் பொழுதுபோக்காகவோ ரவுடிகள் வேலையாகவோ தெரிகிறது. 'சார்பட்டா பரம்பரை'யை மூன்று முறை பார்த்துவிட்டு ஸ்டேட்டஸ் போட்டவர்கள், பக்கத்துத் தெருவில் யாராவது பழகினால் "என்னடா ரவுடிப் பசங்க" என்கிறோம்.

*

அடுத்த கேள்வி பாதுகாப்பு. "போர்டு இல்ல, சர்டிபிகேட் இல்ல, அங்க எப்படி நம்பிப் போறது?" நியாயமான பயம். இந்த நாட்டின் தலைசிறந்த மல்யுத்த வீராங்கனைகள் 2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்தார்கள். சாக்ஷி மாலிக், வினேஷ் போகாட். சம்மேளனத் தலைவர் மேலேயே பாலியல் துன்புறுத்தல் புகார். அவர் மறுத்தார், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அது அங்கீகாரம், அலுவலகம், முத்திரை எல்லாம் இருந்த இடம். போர்டு இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

போர்டு இல்லாததாலும் வந்துவிடாது. மோசமான மாடிகளும் இருக்கும். எனக்கே ஒரு விரல் மூட்டு இன்னும் நேராகவில்லை, ஒரு முறை படர்தாமரை வந்து மூன்று வாரம் மேட்டைத் தொடவில்லை. அதனால் சேருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில சோதனைகள். முதல் நாள் சேராமல் உட்கார்ந்து பாருங்கள். அங்கே இருப்பதிலேயே பலசாலி, இருப்பதிலேயே பலவீனமானவரிடம் எப்படிப் பழகுகிறார்? தட்டிய பிறகு ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தால், சொல்லித்தருபவர் கண்டிக்கிறாரா, சிரிக்கிறாரா? ஒவ்வொரு நாளும் மேட்டைக் கழுவுகிறார்களா? "இன்னிக்கு ஆம்பளைங்களோட வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால் காரணம் கேட்கிறார்களா? முழங்காலைத் திருகுகிற பிடிகளைப் புதியவர்களுக்கு அனுமதிக்கிறார்களா? இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், மாதம் 600 என்றாலும் சரி, 5,000 என்றாலும் சரி.

*

மாடி போன கதை சின்னதுதான். எதிர் வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனருக்கு போன் போனது. "பொண்ணுங்களும் பசங்களும் மாடில பொரள்றாங்க, என்ன ஏதுன்னு கேக்க மாட்டீங்களா?" ஓனர் நல்ல மனிதர், சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." மேட்களைக் கழற்றி, டெலிவரிக்காரர் வண்டியிலும் ஒரு ஷேர் ஆட்டோவிலுமாக வாணுவம்பேட்டையில் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். இப்போது அவர் வீட்டு ஹாலில் சோபாவை நிமிர்த்தி வைத்துவிட்டு நான்கு நான்கு பேராகப் பழகுகிறோம். பிளஸ் டூ முடித்த அந்தப் பெண் வருவதில்லை. "யாரோ வீட்டுக்குள்ள எல்லாம் வேண்டாம்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மாடி என்றால் நாலு பேர் பார்க்கிறார்கள், வீடு என்றால் யாரும் பார்ப்பதில்லை. ஊர் இரண்டையும் தப்பு என்கிறது.

நான் வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு சமுதாயக்கூடம் இருக்கிறது. முகூர்த்த நாள் தவிரப் பூட்டியே கிடக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காலியாகிற பள்ளி வகுப்பறைகள் இந்த நகரத்தில் எத்தனை? மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூவும் மேடையும் போடுகிற செலவில், வார்டுக்கு ஒரு ஹாலை வாரத்தில் மூன்று நாள் திறந்துவிடலாம். பயிற்சியாளரைக்கூட அரசு தர வேண்டாம், சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். சாவி போதும். நாலு பேர் பார்க்கிற, வெளிச்சம் இருக்கிற, பூட்டில்லாத ஒரு ஹால். மனு எழுதியிருக்கிறோம், பதினான்கு கையெழுத்து இருக்கிறது. முதல் கையெழுத்து என் அம்மாவுடையது. "படிச்சுப் பாக்கல, போட்டுட்டேன்" என்றாள். படித்துப் பார்த்தாள், நான் பார்த்தேன்.

அலுவலகத்தில் அடுத்த மார்ச்சுக்கு இப்போதே கேட்கிறார்கள், இந்த முறை என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று. ஆண்களையும் கூப்பிடுங்கள், எல்லோருக்கும் ஒரே ஒரு பாடம் போதும், தட்டினால் விடுவது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளில் வராது, வாரத்துக்கு மூன்று நாள் வேண்டும் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.